பேட்டரிக்காக மாப்பிள்ளையைக் குண்டாக்கிய கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இதுவரை நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது பாட்டில் மூடிப் பெட்டிகளின் மேல் ஒட்டிய லேபிள்தான். அதையும் மெஷின்தான் எழுதியது, நான் பொத்தானை அமுக்கினேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கத் தெரியாதவள் கட்டுரை எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எதிரில் உட்கார்ந்து யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் லேபிள் மேசை என்னுடையது. ஒரு பழைய கம்ப்யூட்டரும் லேபிள் அடிக்கும் மெஷினும் அதில் இருந்தன. ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போய்விட்டது. சரிசெய்ய வந்தவர் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தார். அதில் ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் 'குறைவு', மறுமுனையில் 'அதிகம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நடுவில் இருந்த குமிழைக் குறைவுப் பக்கம் தள்ளினார். எழுத்து பெரிதாகிவிட்டது. திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை இந்தக் குமிழ்தான் தீர்மானிக்கிறது என்று விளக்கமும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். (மேலே கேள்வி கேட்க வெட்கம். அன்றைக்கே கேட்டிருந்தால் எங்கள் குடும்பமே தப்பித்திருக்கும்.)

அந்தக் கம்பெனியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறதென்று முதலாளி ஒரு நாள் ஏணியோடு ஆளை அனுப்பி, ஷெட்டில் எரிந்த டியூப்லைட்டுகளில் ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றச் சொன்னார். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, ஆனால் பில் இறங்கியது. அதிலிருந்து 'ஒன்று விட்டு ஒன்று' எங்கள் கம்பெனியின் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஃபேனும் அப்படியே. கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் தட்டுப்படாதவர்கள் பக்கத்து இலையைப் பார்த்து, "எனக்கு இன்னிக்கு விட்ட முறை" என்பார்கள்.

இந்த இரண்டும், அதாவது புள்ளியும் டியூப்லைட்டும், என் மண்டைக்குள் தனித்தனியாக இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வந்த மூன்று வரன்களும் ஒரே காரணத்தால் கலைந்தன. பெண் பேசுமா என்று கேட்பார்கள். நன்றாகப் பேசும் என்று அம்மா சொல்வாள். எங்கே, பேசச் சொல்லுங்கள் என்பார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். மூன்றாவது வீட்டுக்காரர்கள் போகும்போது, பெண்ணுக்குக் காது கேட்குமா என்று வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் யாருமே வரவில்லை. அம்மா என் எதிரில் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நாலாவதாக ஊத்துக்கோட்டையிலிருந்து இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். அவருடைய அம்மா எங்கள் கிராமத்துக்கே வந்து (கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம்) என்னைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் பையன் சரியென்று சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு லீவு கிடைப்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அந்த வாரம் சனிக்கிழமைக்குள் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த முறைதான். அதனால் வெள்ளிக்கிழமை, அவருக்கு வேலை இல்லாத நாளில், அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் அவர் உட்கார்ந்துகொள்வது, இங்கே நாங்கள் ஒரு லேப்டாப்பில் உட்கார்ந்துகொள்வது, ஒருவரை ஒருவர் பார்ப்பது என்று ஏற்பாடு. அவரிடமிருந்து வந்த போட்டோ எட்டு வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதில் கழுத்து வரைக்கும் மட்டும்தான் இருந்தார்.

லேப்டாப்புக்கு அண்ணன் ஏற்பாடு செய்தார். அண்ணனுக்கு வள்ளூரில் அனல்மின் நிலையம் கட்டும் இடத்தில் வேலை. சைட் இன்ஜினியரிடம் கெஞ்சி லேப்டாப், ஒயரில் தொங்கும் கேமரா, இன்டர்நெட் குச்சி மூன்றையும் ஒரு நாளைக்கு வாங்கி வந்தார். அண்ணன் கட்டும் மின்நிலையம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. எங்கள் ஊரில் தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. மாப்பிள்ளை வருவதாகச் சொன்ன நேரம் நம் கணக்கில் பத்தரை மணி.

முந்தின நாள் சாயங்காலம் சோதித்துப் பார்த்தோம். பேட்டரி ஐம்பது நிமிஷம்கூட முழுசாக நிற்கவில்லை. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. நடுவில் அணைந்துபோனால் பெண் வீட்டார் முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டார்கள் என்று நினைப்பாரே என்று அம்மா புலம்ப ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் மண்டைக்குள் புள்ளியும் டியூப்லைட்டும் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் நாஷ்டாவில் இருந்தபோது நான் மட்டும் லேப்டாப் பக்கம் போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். 1280, 800 என்று இருந்தது. கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன். பத்து லட்சத்துக்கு மேல் வந்தது. பத்து லட்சம் விளக்கு. ஒரு சின்னப் பேட்டரி பத்து லட்சம் விளக்கை எரித்தால் எப்படி நிற்கும் என்று எனக்கு அதன் மேல் பரிதாபமே வந்துவிட்டது. குமிழைக் குறைவு முனைக்குத் தள்ளினேன். 800, 600. பெருக்கினால் நாலு லட்சத்து எண்பதாயிரம். பாதிக்கு மேல் அணைத்தாயிற்று. ஒன்று விட்டு ஒன்று.

கீழ் மூலையில் பேட்டரி படத்தின் மேல் அம்புக்குறியை வைத்தால், இன்னும் எத்தனை நிமிஷம் என்று காட்டும். கரண்ட் போனதும் அணைத்து வைத்திருந்ததை, பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி போட்டதும் பார்த்தேன். முதலில் நாற்பத்தெட்டு என்றது, கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தாறு என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. (அந்த எண் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.) செய்த காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அண்ணி வேறு, மாப்பிள்ளை பளிச்சென்று தெரியட்டும் என்று திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்தார்.

பத்தரைக்கு மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அண்ணன் அமுக்கினார். மாப்பிள்ளை வந்தார்.

எப்படிச் சொல்வது. அவர் அகலமாக இருந்தார். கன்னம் இரண்டும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன. தோள் திரைக்குள் அடங்கவில்லை. பின்னால் சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரம்கூட முட்டை மாதிரி படுத்திருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மஸ்கட்டில் கடிகாரம் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் விலாவில் இடித்தாள். போட்டோவில் பார்த்த ஒல்லிக் கழுத்து எங்கே போயிற்று என்று அந்த இடியிலேயே கேள்வி இருந்தது.

அரை மணி நேரம் பேசினோம். அண்ணன் பேசினார் என்று சொல்ல வேண்டும். நான் மொத்தம் ஐந்து வார்த்தை பேசினேன். என்ன வேலை என்று கேட்டார். "மூடிக்கு லேபிள்" என்றேன். பஸ்ஸா ரயிலா என்று கேட்டார். "கம்பெனி வேன்" என்றேன். மீதி ஒரு வார்த்தை "ம்". ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. பேசும்போதெல்லாம் மேசையில் எதையோ தேடுவதுபோல் கீழே பார்த்துக்கொண்டே பேசினார். கேள்வி கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சங்கடப்படுகிற மாதிரி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அந்த அகலமான முகத்தை எனக்குப் பிடித்துப்போனது.

பேச்சு முடிந்தது. வைத்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று. வைப்பதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும், முந்தின நாள் இருந்தது. இப்போது காணோம். புள்ளிகளைக் குறைத்தபோது அந்தப் பெட்டி பெரிதாகி, பொத்தான் இருந்த வரிசை திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டது. அண்ணன் அம்புக்குறியை வைத்துக்கொண்டு திரையின் அடிப்பக்கத்தில் முட்டினார், திரும்ப முட்டினார். அந்தப் பக்கம் அவரோ, பெண் வீட்டார் வைப்பதற்கு முன்னால் தான் வைப்பது மரியாதை இல்லை என்று சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லேப்டாப்பை அப்படியே மடக்கி மூடிவிட்டார்.

மூடினால் அணைந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அது இன்ஜினியரின் லேப்டாப். சைட்டில் சிமென்ட் தூசி விழும் என்று அவர் அதை மூடி வைத்துத்தான் பாட்டுக் கேட்பார். அதனால் மூடினாலும் அணையாதபடி செய்து வைத்திருந்தார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

மூடியதும் அம்மா அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டாள்.

"இன்னா நைனா இது. மூஞ்சி கல்யாண அண்டாவாட்டம் கீது."

அண்ணன் கேமராவின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "அங்க குபூஸ் ரொட்டி சும்மாவே தருவாங்களாம்மா. துன்னுத் துன்னு ஊதிக்கினு கீறாரு" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். இவள் தென்னங்குச்சி மாதிரி இருக்கிறாள், ரெண்டு பேரும் ஒரே பைக்கில் போனால் பைக் ஒரு பக்கமாகச் சாயாதா என்று கவலைப்பட்டார். மணவறையில் இரண்டு பலகை போட வேண்டுமா மூன்றா என்று அண்ணன் கேட்டார். எட்டு வருஷத்தில் இவ்வளவு என்றால் இன்னும் எட்டு வருஷத்தில் என்ன ஆகும் என்று அம்மா கணக்குப் போட்டாள். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் இப்படியே போயிற்று. கடைசியில் அம்மா, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அண்ணனைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தேன். உள்ளேதான் போக நினைத்தேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வாய் திறந்துகொண்டது.

"குண்டாகீறது உங்குளுக்கு இன்னா பேஜாரு. அவரும் என்னாட்டமே கீய பாத்துத்தான் பேசறாரு. எனுக்கு அவரத்தான் புடிச்சிருக்கு."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதை யாரும் கேட்டதில்லை. அம்மா தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அப்போது, மூடியிருந்த லேப்டாப்பின் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க. லைன் இன்னும் கட்டாவலீங்க."

குரல் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடியும் வந்தது.

"நான் குண்டு இல்லீங்க. அம்பத்திரண்டு கிலோதாங்க."

அண்ணன் பாம்புப் பெட்டியைத் திறப்பதுபோல லேப்டாப்பைத் திறந்தார். அங்கே அதே அகலத்தில் அவர், காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். வைத்துவிடலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனாராம். அதற்குள் 'அண்டா' காதில் விழுந்ததால் கை அப்படியே நின்றுவிட்டதாம். நிரூபித்துவிடலாம் என்று எழுந்து நின்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். அப்படித் திரும்பியும் அகலமாகத்தான் தெரிந்தார். அம்மா பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள், "இல்லப்பா, இப்பவும் அப்டித்தான் கீற."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி நிற்கட்டும் என்று புள்ளிகளை ஒன்று விட்டு ஒன்று அணைத்தது, கால்குலேட்டர், நாலு லட்சத்து எண்பதாயிரம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒயர் வேலை பார்க்கிறவருக்கே உரிய நிதானத்தோடு விளக்கினார். புள்ளி எதுவும் தனித்தனி விளக்கு இல்லையாம். அவற்றுக்குப் பின்னால் நீளமாக ஒரே ஒரு டியூப்லைட்தான் எரிகிறதாம், பென்சில் குச்சியைவிட மெல்லிசாக. புள்ளியைக் குறைத்தால் எதுவும் அணையாது. இருக்கிற திரை முழுக்கப் படத்தை இழுத்து ஒட்டும், அவ்வளவுதான். பேட்டரிக்கு அதனால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அந்த டியூப்பின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அண்ணி ஏற்றி வைத்தாரே, அதை. மூடி வைத்திருந்த நேரத்தில் டியூப் அணைந்திருந்ததால்தான் இவ்வளவு நேரம் தாக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். ஆக, எங்கள் வீட்டில் பேட்டரி மிச்சமானது, நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டும்தான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து குமிழைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். திரை ஒரு முறை கறுத்து மறுபடி வந்தது. எங்கள் கண் முன்னால் ஒரு மனிதர் ஒரே நொடியில் இருபது கிலோ இளைத்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, போட்டோவில் இருந்தவரே வந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் கடிகாரம் உருண்டையாகிவிட்டது. அம்மா கைகூப்பிவிட்டாள், சாமியைப் பார்த்த மாதிரி.

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கீழே பார்த்தார். இவங்க சொன்னதைக் கேட்டேன் என்று என்னைக் குறிப்பிட்டுத் தொடங்கினார்.

"எனுக்கும்..."

பேட்டரி தீர்ந்தது.

பிறகு எங்கள் வீட்டில் நடந்த விவாதம் சட்டசபையில்கூட நடந்திருக்காது. அவர் 'எனுக்கும்' என்றாரா, 'எனுக்கு' என்றாரா. 'ம்' இருந்தால் அவருக்கும் பிடித்திருக்கிறது. 'ம்' இல்லாவிட்டால் அடுத்து என்ன வேண்டுமானாலும் வரலாம். எனக்கு வேண்டாம், எனக்கு மானம் இருக்கிறது, எனக்கு வேறு வேலை இருக்கிறது. 'ம்' நிச்சயமாக இருந்தது என்று அண்ணி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். அது பேட்டரி சாகும்போது வந்த சத்தம் என்றார் அண்ணன். எனக்குக் கேட்டது. ஆனால் கேட்க ஆசைப்பட்டதால் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். என் கல்யாணம் முழுசும் ஒரு மகர மெய்யின் மேல் உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, அவர் வரவில்லை. பிரவுசிங் சென்டரில் நேரம் முடிந்திருக்கும். அவருடைய அம்மாவின் போன் நம்பர் எங்களிடம் இருந்தது. யார் பேசுவது? அண்டா என்று சொன்னவளே பேச முடியுமா என்று அம்மா மறுத்துவிட்டாள். அண்ணன் குபூஸை நினைத்துக்கொண்டு போனைத் தொடவில்லை. மதியச் சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல் எனக்கு ரசம் ஊற்றினாள்.

நாலு மணிக்கு அண்ணனின் போன் அடித்தது. ஊத்துக்கோட்டை நம்பர். அண்ணன் அதைச் சுடும் பாத்திரம்போல அம்மாவின் கையில் போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கும்படி அந்த அம்மா உரக்கப் பேசினார்.

"எம் புள்ளய அண்டானு சொன்னீங்களாமே."

அம்மா போனை அண்ணன் பக்கமே திருப்பி நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அவன் துன்றதேயில்லனு நான் தெனம் அயுதுகினு கீறேன். அவன இதுவரிக்கும் குண்டுனு ஒருத்தரும் சொன்னதில்லமா. உங்க வாக்கு பலிக்கட்டும். மொகூர்த்தம் குறிக்க எப்ப வர்லாம்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இந்த முறை நிஜமாகவே எழுந்து உள்ளே போய்விட்டேன். அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு விட்டேன். ஒன்றரை வருஷமாக விடாத மூச்சு அது.

இன்றைக்கும் அவர் அறுபது கிலோவைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவருக்குப் பெயர் அண்டா மாப்பிள்ளைதான். விவரம் தெரியாதவர்கள் ஒரு பெரிய உருவத்தைத் தேடுவார்கள். என் பெண்கள் இருவரும், அப்பா அன்றைக்கு 'எனுக்கும்' என்றுதான் சொன்னாரா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்கள். அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, ஞாபகமில்லை என்பார்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. அண்ணன் லேப்டாப்பை இன்ஜினியரிடம் திருப்பிக் கொடுத்தார். நான் காலை ஷிப்டுக்குப் போனேன். லேபிள் மெஷினில் ரிப்பன் தீர்ந்திருந்தது. மாற்றினேன்.